இசை குடிபெயர்ந்த வரலாறு

வீடு மாறுதல் எளிய செயலன்று என்பதை அதனை ஒருமுறை செய்து பார்த்தோர் அனைவரும் அறிவர். அண்டா குண்டான்களைக் கட்டுதல், புத்தகங்களைச் சாக்கில் அடைத்தல், கண்ணாடிப் பொருள்களை வைக்கோலிற் பொதிதல், வண்டிக்காரரோடு கூலிக்கு வழக்காடுதல், புதுவீடு சேர்ந்தபின் உப்புச்சாடி எங்கே, விளக்கு எங்கே என்று தேடி மயங்குதல் ஆகிய இவையெல்லாம் இல்லறத்தார் யாவர்க்கும் பழகிய துன்பங்களே. முற்காலத்தில் இசைப்பித்துடையார்க்கு இத்துன்பம் இருமடங்காயிருந்தது. கிராமபோன் இசைத்தட்டு அரக்குக் கலவையினாற் செய்யப்பட்டது; ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே பாடும்; கைதவறி விழின் உடைந்துபோம். 100 பாட்டுக்களை விரும்பியவர் 50 தட்டுக்களைச் சுமக்கவேண்டியதாயிற்று.

இக்காலத்திலோ ஆயிரக்கணக்கான பாட்டுக்கள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியுள் கிடக்கின்றன. அவற்றிற்கு எடை இல்லை, உடைதல் இல்லை, வண்டிக்கூலியும் இல்லை. ஆதலின், பழைய கணினியினின்றும் புதிய கணினிக்கு நமது இசைப்பெட்டகத்தை மாற்ற நேர்ந்தபொழுது, சுமை இல்லாதவிடத்துத் துன்பமும் இராது என்றே நாம் எண்ணினோம். அவ்வெண்ணம் பிழைபட்டவாற்றையும், அதனால் நாம் அறிந்துகொண்டதொரு செய்தியையும் இம்மலரைப் படிக்கும் அன்பர்க்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நமது பழைய கணினி 2010-ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. அதனுள் 5,312 பாட்டுக்கள் இருந்தன. அவற்றுட் சில ஒலிநாடாக்களிலிருந்தும், பல குறுந்தட்டுக்களிலிருந்தும் நாமே படியெடுத்தவை. ஏனையவை நண்பர்கள் அன்பினால் அளித்தவை. குறுந்தட்டிலுள்ள இசை, ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளந்து எண்களாக எழுதப்பட்டதாகும். அவ்வளவையும் அப்படியே சேர்த்துவைக்க இடம் மிகுதியாக வேண்டும். ஒரு பேரொலி எழும்போது அதனருகே எழும் மெல்லொலியை நமது செவி உணராது என்னும் இயல்பினை ஆராய்ந்து, செவிக்கு எட்டாதவற்றை நீக்கிச் சுருக்கும் முறையை ஜெர்மனி நாட்டுப் பிரௌன்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தார் வகுப்பதிற் பெரும்பங்கு கொண்டனர். அதுவே எம்.பி.3 என வழங்குவது. அப்பெயர் 1995-ஆம் ஆண்டில் இடப்பட்டது. அம்முறையால் இசை ஏறக்குறையப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்குதலும் உண்டு. 4 நிமிடப் பாட்டொன்று 38 லட்சம் பைட்டுக்களில் அடங்கிவிடும்.

இச்சிறுமையின் அருமையை உணர ஓர் ஒப்புமை கூறுவோம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதற் காந்தத்தட்டுச் சேமிப்புப் பொறி, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களை ஒருங்கே சுழற்றியது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அஃது ஏற்றுக்கொண்டதோ 50 லட்சம் எழுத்துக்களே. நமது பெட்டகத்திலுள்ள பாட்டு ஒன்றே அதனை ஏறத்தாழ நிரப்பிவிடும். அத்தகைய பொறிகள் ஐயாயிரத்துக்குரிய சுமையை இன்று சட்டைப்பையில் இட்டு நடக்கின்றோம். என்னே அறிவின் வளர்ச்சி!

நிற்க. பெட்டகத்தைப் பெயர்க்கத் தொடங்கிய பின்னரே, அஃது ஒரு பொருளன்று, மூன்று பொருள்களின் கூட்டம் என்பது நமக்குப் புலனாயிற்று. முதலாவது பாட்டு. இரண்டாவது பாட்டின் உள்ளே பொதிந்த பெயர்ச்சீட்டு. அதாவது பாட்டின் பெயர், பாடினவர் பெயர், ஆண்டு முதலியன. மூன்றாவது, இவற்றிற்கெல்லாம் புறத்தேயுள்ள பதிவேடு; எப்பாட்டு எவ்விடத்தில் உள்ளது, எதன்பின் எது வரவேண்டும், எது எத்தனைமுறை கேட்கப்பட்டது என்பனவற்றை அஃது உரைக்கும். பாட்டைப் பெயர்த்தல் எளிது. பெயர்ச்சீட்டும் பாட்டோடு ஒட்டி வந்துவிடும். பதிவேடோ பழைய வீட்டின் சுவரில் எழுதிய கணக்கைப் போன்றது. வீட்டை விட்டால் அதனையும் விடவேண்டியதே.

பாட்டுவரிசைகளை மட்டும் நாம் முன்னெச்சரிக்கையாக வேறு வைத்திருந்தோம். ‘ஞாயிறு மாலை’, ‘பயணம்’, ‘வீட்டுப் பாட்டுக்கள்’ என்பன போன்ற 9 வரிசைகளை எளிய எழுத்துக்கோப்புக்களாக நாமே தட்டெழுதியிருந்தோம். அவற்றில் வரிக்கொன்றாகப் பாட்டுக்கோப்பின் பெயர் இருக்கும். ஒன்பதிலும் சேர்ந்து 412 பாட்டுக்கள். பெயர்களையும் தமிழிலேயே இட்டிருந்தோம். தமிழ்ப் பாட்டிற்கு ஆங்கில எழுத்திற் பெயரிடுதல் நமது மனத்திற்கு ஒவ்வாதது.

ஒரு சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். நம்மிடம் அன்புடைய கணினித்துறை மாணவர் ஒருவர் உடனிருந்து உதவினார். ஒரு மணி நேரத்துக்குள் கோப்புக்கள் அனைத்தும் படியெடுக்கப்பட்டன. அங்கே எண்ணினோம்: 5,312. இங்கே எண்ணினோம்: 5,312. நமது மகிழ்ச்சிக்கு அளவில்லை. “ஐயா, பழையதை உடனே கொடுத்துவிடவேண்டாம், சில நாள் பொறுத்துப் பாருங்கள்” என்று மாணவர் சொல்லிச் சென்றார். நாமோ எண்ணிக்கை ஒத்துவிட்டதாதலின் அச்சமின்றி, பழைய கணினிகளை வாங்கும் கடைக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளுமாறு கூறிவிட்டோம். அவர் வருமுன் உள்ளிருப்பவற்றையெல்லாம் அழித்துவிடுவதாகவும் உடன்பட்டோம்.

அன்று மாலை வரிசைக்கோப்புக்களைப் புதிய கணினியிற் சேர்த்தோம். “41 கோப்புக்கள் காணப்படவில்லை, பட்டியலினின்றும் நீக்கிவிடலாமா?” என்று அது வினவிற்று. இரவு உணவுக்கு அழைப்பு வந்த வேளை. 5,312-உம் வந்துவிட்டன என்று நாம் எண்ணியறிந்திருக்க, 41 காணவில்லை என்பது ஏதோ பொறியின் பிதற்றல் என்று கருதி, ‘நீக்குக’ என்பதை அழுத்திவிட்டு எழுந்தோம். சோம்பலும் தன்னம்பிக்கையும் ஒருங்கு கூடினால் விளையும் கேடு யாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, பகலுணவும் உறக்கமும் கழிந்து, மாலையில் வழக்கம்போல் அவ்வரிசையை ஒலிக்கவிட்டு நாற்காலியிற் சாய்ந்திருந்தோம். பைரவி முடிந்தது. அதன்பின் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் (1898–1956) நாகசுரத்தில் வாசித்த தோடி வரவேண்டும். தோடி என்றாலே அவர் பெயரும், அவர் பெயர் என்றாலே தோடியும் நினைவுக்கு வருமாறு புகழ்பெற்ற வாசிப்பு அது. பதினான்கு ஆண்டுகளாகப் பைரவியின் ஈற்றொலி அடங்கும்போதே நமது செவி அதன் தொடக்கத்தை எதிர்நோக்கப் பழகியிருந்தது. ஆனால் கல்யாணி எழுந்தது. படியில் இறங்குவோன் ஒரு படி இல்லாத இடத்திற் கால் வைத்தாற்போல நாம் திடுக்கிட்டோம். கண் காணாததைச் செவி கண்டது.

உடனே எழுந்து பழைய வரிசைக்கோப்பையும் புதியதையும் ஒப்புநோக்கினோம். தோடி இல்லை, மோகனம் இல்லை, காம்போதி இல்லை, இந்தோளம், ஆபோகி, கௌளை ஆகியவும் இல்லை. பைரவியும் கல்யாணியும் சங்கராபரணமும் நின்றன. இராகங்களுள் சிலவற்றின்மேல் மட்டும் புதிய கணினிக்கு என்ன பகை? மேலும் வியப்பு யாதெனின், கோப்புறையைத் திறந்து பார்த்தால் அத்தோடி அங்கேயே இருந்தது. பெயர் அதுவே, எழுத்தும் அவையே. நாம் தட்டெழுதிய ‘தோடி’யும் கோப்பின்மேல் எழுதியிருந்த ‘தோடி’யும் ஒரு புள்ளியும் வேறுபாடின்றி நமது கண்முன் நின்றன. ஆயினும், “அப்பெயருடைய கோப்பு இல்லை” என்றே கணினி சாதித்தது.

பொறியோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டு, ஒரு தாளை எடுத்து 41 பெயர்களையும் வரிசையாக எழுதலானோம். பத்தொன்பதாவது பெயரை எழுதும்போது கை நின்றுவிட்டது. ‘கோயில் பாட்டு 2’ என்பது அது.

அன்பர்கள் பொறுத்தருள்க, இவ்விடத்து நமது குடும்பச் செய்தி ஒன்றைக் கூறாமல் மேற்செல்லல் இயலாது. 1987-ஆம் ஆண்டில் ஒரு மழைநாளில், நமது இல்லத்திற்கு இரவலாக வந்த ஒலிப்பதிவுப் பெட்டியொன்றின்முன் அமர்ந்து, நமது அன்னையார் இரண்டு கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடினார்கள். மேடைப் பாடகர் அல்லர். கோயிற் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றவர்கள். இரண்டாம் பாட்டின் நடுவே ஓட்டின்மேல் மழை பெய்யும் ஓசை கேட்கும். சிறு பிள்ளையொன்று ஏதோ கேட்டு இடைமறிப்பதும், அவர்கள் பாட்டை நிறுத்தாமலே ‘உம்’ கொட்டுவதும் கேட்கும். அப்பிள்ளை நாமே. அன்னையார் 1999-இல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். 2011-இல் அந்நாடாவை நாம் கணினியில் ஏற்றினோம். அதன்பின் நாடா பூஞ்சணம் பிடித்து ஒட்டிப் பாழாயிற்று. எனவே உலகத்தில் அக்குரலுக்கு எஞ்சியிருந்த ஒரே இடம் அப்பழைய கணினியே. அதனைத்தான் மறுநாட் காலையில் அழித்துக் கொடுக்க நாம் வாக்களித்திருந்தோம்!

கோப்புறையில் அப்பாட்டு இருப்பது போலத்தான் தோன்றிற்று. ஆயினும், இருக்கும் தோடியையே இல்லையென்று கூறும் பொறியை எங்ஙனம் நம்புவது? அவ்விரவே கடைக்காரரை அழைத்து வரவேண்டாம் என்றோம். பின்னர் மீண்டும் அத்தாளின்முன் அமர்ந்தோம். தோடி, மோகனம், காம்போதி, இந்தோளம், ஆபோகி, கௌளை, கோயில். இவற்றிற் பொதுவாயுள்ளது யாது? சிறு வயதில் மணலில் எழுதிப் பயின்ற விரல் விடை கூறிற்று: கொம்பும் காலும்! காணாமற்போன 41 பெயர்களிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய உயிர்மெய் ஒன்றேனும் இருந்தது. தப்பிய 371 பெயர்களில் ஒன்றிலும் இல்லை.

மறுநாள் மாணவரிடம் இதனைக் கூறியபோது அவர் காரணத்தை விளக்கினார். தமிழ் எழுத்துக்கள் யூனிக்கோடு என்னும் உலகப் பொது முறையில் 1991 முதல் இடம்பெற்றுள்ளன. அம்முறையில் ‘தோ’ என்பதை இருவகையாக எழுதலாம். தகரத்தின்பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியை இடுதல் ஒருவகை. கொம்பினை ஒரு குறியாகவும் காலினை மற்றொரு குறியாகவும் பிரித்து இடுதல் மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. முன்னதற்கு 6 பைட்டு, பின்னதற்கு 9 பைட்டு என்பதே வேறுபாடு. இரண்டும் ஒரே எழுத்தாகக் கொள்ளத்தக்கன என்று அம்முறையின் விதிகள் கூறுகின்றன. நமது பழைய கணினியின் கோப்பமைப்பு பெயரை ஏற்கும்போதே குறிகளைப் பிரித்து வைப்பது. கேட்கும்போதும் பிரித்தே ஒப்பிடுவது. ஆதலின் அங்கே குழப்பம் எழவில்லை. புதிய கணினியோ பைட்டுக்களை உள்ளவாறே ஒப்பிடுவது. நாம் தட்டெழுதிய வரிசையிற் கூட்டிய வடிவம். கோப்பின்மேற் பிரித்த வடிவம். இரண்டும் வேறு பெயர்கள் என்று அது முடிவுகட்டியது. இரண்டு பொறிகளின்மேலும் குற்றமில்லை. ஒன்றன் வழக்கம் மற்றொன்றற்குத் தெரியாது, அவ்வளவே.

இதனைக் கேட்டபொழுது தமிழெழுத்தின் பழைய வரலாறு நமது நினைவுக்கு வந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தார். ஏட்டில் எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டமையால், குறிலோ நெடிலோ என்பதைப் படிப்போர் இடம்நோக்கி உணரவேண்டியதாயிற்று. இத்தாலி நாட்டில் 1680-இற் பிறந்து, தமிழ்நாடு போந்து, தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர், நெடிலுக்குக் கொம்பின்மேல் ஒரு சுழியை ஏற்றி அம்மயக்கத்தைத் தீர்த்தார் என்பர். அவர் தந்த அச்சுழியே இன்று நமது தோடியைத் ‘தொடி’ ஆகாமற் காப்பது. அச்சுக்கூடத்தில் எழுத்துக்கோப்போரும் கொம்பு ஓர் அச்சு, தகரம் ஓர் அச்சு, கால் ஓர் அச்சு என்று பிரித்தே எடுத்து அடுக்கினர். இம்மலரின் பழைய இதழ்களெல்லாம் அங்ஙனம் கோக்கப்பட்டவையே. எனவே நமது பழைய கணினி செய்தது புதுமையன்று. அச்சுக்கோப்பவர் செய்ததையே அதுவும் செய்தது. படிப்பவர் மனிதராயிருந்தவரை பிரித்தாலும் கூட்டினாலும் எழுத்து ஒன்றாகவே இருந்தது. படிப்பது பொறியாயினபோது மட்டும் அது இரண்டாயிற்று.

மருந்து எளிதாயிருந்தது. மாணவர் சில வரிகளில் ஒரு நிரல் எழுதி, கோப்புப் பெயர்கள் அனைத்தையும் கூட்டிய வடிவத்திற்கு மாற்றினார். 41-உம் மீண்டு வரிசையிற் சேர்ந்தன. அதன்பின் ஒவ்வொரு கோப்பின் உள்ளீட்டிலிருந்தும் ஷா-256 என்னும் கணக்கினால் ஒரு முத்திரை எண்ணைப் பெற்று, பழைய கணினியின் எண்ணோடு ஒப்பிட்டோம். கோப்பில் ஒரு பைட்டு மாறினும் அவ்வெண் முற்றும் மாறிவிடும். 5,312-உம் ஒத்தன. தலையெண்ணிப் பார்த்தல் வேறு, முகம் பார்த்து அறிதல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

பழைய கணினியை அழிக்குமுன் அதன் பதிவேட்டைக் கடைசிமுறையாகத் திறந்து பார்த்தோம். தோடிக்கு நேரே 318 என்றிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் அத்தனைமுறை கேட்டிருக்கிறோம். ‘கோயில் பாட்டு 2’ என்பதற்கு நேரே இருந்த எண் 3. இறுதியாகக் கேட்ட ஆண்டு 2011. அந்தோ! ஒரே இரவில் அதனை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிய நாம், அது பத்திரமாக இருந்த காலமெல்லாம் அதனை நாடியதே இல்லை. இருக்கிறது என்னும் நினைவே கேட்டதற்கு ஒப்பாகும் என்று கருதிவிட்டோம் போலும். பாடினவர் பெயர் இருக்கவேண்டிய இடத்திலோ ‘அறியப்படாத பாடகர்’ என்று எழுதியிருந்தது. பொறி நாம் கூறாததை எங்ஙனம் அறியும்? வெளியார் ஆயிரவர் பெயரைப் பிழையின்றிப் பதித்த நாம், நம்மைப் பெற்றவர்கள் பெயரை மட்டும் எழுதாது விட்டிருந்தோம்.

இப்பெயர்ச்சீட்டு 1996-இல் முதன்முதல் வகுக்கப்பட்டபோது 128 பைட்டு அளவினதாய், பாடினவர் பெயருக்கு 30 பைட்டே இடம் தந்தது. அவ்விடத்தில் இக்கால முறைப்படி தமிழில் எழுதின் 10 குறிகளுக்குமேல் அடங்கா. 1998-இல் வந்த புதிய வகையிலே வேண்டுமளவு இடம் உண்டு. ஆதலின் அன்னையார் ஞானஸ்நானப் பதிவேட்டிற் கண்டவாறே அவர்கள் முழுப்பெயரையும் அங்கே எழுதினோம். அதனுள்ளும் ஓர் ஓகாரம் உண்டு. பாடிய ஆண்டு, ஊர், மழைநாள் என்பதையும் குறித்தோம். பின்னர் அதற்கு மூன்று படிகள் எடுத்து, ஒன்றினை வேறூரில் உள்ள தமக்கையாரிடம் அனுப்பிவைத்தோம். அவரும் பன்னெடுங்காலம் அக்குரலைக் கேட்டிலர்.

மாணவ நண்பர்களே! உங்கள் காலத்தில் நீங்கள் பலமுறை கணினி மாற்றுவீர்கள். ஒவ்வொருமுறையும் ஏதேனும் ஒன்று வழியில் விழும். பொருளுக்கு முழுப்பெயரிடுங்கள். எண்ணிக்கை ஒத்ததோடு அமையாது திறந்து பாருங்கள். ‘நீக்குக’ என்பதைப் பசிவேளையில் அழுத்தாதீர்கள். பழையதைக் கொடுக்குமுன் ஒரு ஞாயிறு மாலையேனும் பொறுத்திருந்து கேளுங்கள்.

பழைய பதிவேட்டின் எண்களை நாம் புதிய கணினிக்குக் கொண்டுவரவில்லை. 318-உம் 3-உம் அங்கேயே அழிந்தன. புதிய பதிவேட்டில் எல்லாப் பாட்டுக்கும் எண் பூச்சியத்திலிருந்தே தொடங்கிற்று. ஞாயிறு மாலை வரிசையில் தோடிக்கு அடுத்து இப்போது ஒரு பாட்டுக் கூடியுள்ளது. அதன் நடுவே மழை பெய்கின்றது, பிள்ளை இடைமறிக்கின்றது, பாட்டோ நிற்பதில்லை.